பல்லாவரம் சந்தையில் வாங்கிய சிங்கர் கைமெஷின்: இறுகிப்போன சக்கரத்திலிருந்து நேர்த்தையல் வரை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தையல் மெஷின் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேலிருக்கும் தங்க நிறப் பூவேலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அப்புறம் சிங்கர் என்ற பெயரை, அப்புறம் விலையை. நான் பார்ப்பது வேறு. இந்த மெஷினுக்கு பாபின் கேஸும் (கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) ஷட்டிலும் (மேல்நூலைக் கீழ்நூலோடு கோக்கும் பாகம்) இன்றைக்குக் கடைக்குப் போனால் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் துருவேறிக் கிடந்தாலும் தைரியமாக வாங்கலாம். கிடைக்காது என்றால் எவ்வளவு மினுக்கினாலும் அது ஷோகேஸுக்குத்தான் ஆகும். ஷோகேஸில் வைக்க வேண்டும் என்றே வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எனக்குத் தைக்க வேண்டும்.

சந்தையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். சில ஊர்களில் இந்த மாதிரிப் பழைய பொருள் சந்தை சனி ஞாயிறில் கூடும், இங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதனால் ஆபீஸ் போகிறவர்கள் லீவு போட்டால்தான் உண்டு. பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்தில் பழைய டிரங்க் ரோடு, அதன் நீளத்துக்கும் தார்ப்பாய் விரித்துக் கடைகள். ஒரு பக்கம் செடித் தொட்டி, கோழிக்குஞ்சு, வண்ணமீன், கருவாடு. இன்னொரு பக்கம் கட்டில், கதவு, ஜன்னல், ஆபீஸ் நாற்காலி, உடைந்த லேப்டாப், எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள். இரும்புச் சாமான்கள் இவற்றுக்கு நடுவில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும், பேரம் பேசுகிறவர்கள் அது போகும் வரை வாயை மூடிக்கொண்டு விரலால் கணக்குக் காட்டுவார்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனதைப் பற்றி இன்னும் பெருமூச்சு விடுகிற பெரியவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம், பெருமூச்சு விட்டபடியே ஸ்பானர் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பழைய கருவி தேடி வருவதற்குப் பல்லாவரத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை என்று நான் அடிக்கடி சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று இந்தியாவின் பழைய கற்காலக் கருவி ஒன்றை முதன்முதலாக அடையாளம் கண்டது இதே பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில்தான். கல்லில் செதுக்கிய கோடரி. யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்டுப்போன கருவியைக் குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, இது சாதாரணக் கல் இல்லை என்று கண்டுகொள்கிற வேலை இந்த ஊரில் அன்றே தொடங்கிவிட்டது.

போகும்போது பையில் சில பொருட்கள் இருக்க வேண்டும். சின்ன டார்ச், நடுத்தர அளவு ஸ்க்ரூ டிரைவர், தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி, நல்ல 16ஆம் நம்பர் ஊசி ஒன்று, பாபின் கேஸ் ஒன்று, ஒரு துண்டுத் துணி. பாபின் கேஸ் எதற்கென்றால், சந்தைக்கு வரும் மெஷின்களில் முதலில் காணாமல் போயிருப்பது அதுதான். கையில் ஒன்று இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பொருத்திப் பார்த்துவிடலாம், வீட்டுக்குப் போய் ஏமாற வேண்டாம்.

அன்றைக்கு ஒரே கடைக்காரரிடம் இரண்டு கைமெஷின் இருந்தது. ஒன்று அழகி. கறுப்பு பெயின்ட் பளபளக்க, பூவேலை முழுதாக, மரப்பெட்டி மூடியோடு. முன்பக்கத் தகட்டை நகர்த்திப் பார்த்தால் நீள ஷட்டில் போகும் வகை, அதாவது பாபின் வட்டமாக இல்லாமல் குச்சி போல் நீளமாக இருக்கும், ஷட்டில் படகு வடிவத்தில் முன்னும் பின்னும் வீசிக்கொண்டு ஓடும். ஷட்டிலைக் காணோம். அந்த ஷட்டிலும் நீள பாபினும் தேடிப் பிடிப்பதற்குள் ஆயுசு போய்விடும். போதாததற்கு பெயின்ட் ரொம்பப் புதுசு, பூவேலை ஓரங்களில் ஸ்டிக்கர் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது மெஷின் பார்க்கவே பரிதாபம். அடிக்கட்டை ஒரு மூலையில் கரையான் தின்றிருக்கிறது, பூவேலையில் பாதி கை பட்டே தேய்ந்து போயிருக்கிறது, சக்கரம் அசையவே இல்லை. ஆனால் 15 ரகம்.

இதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊர்த் தையல்கடைகளிலும் வீடுகளிலும் இருக்கும் கறுப்பு மெஷின், உஷாவாக இருக்கட்டும் லூதியானாவில் வார்த்த ஏதோ ஒரு பெயராக இருக்கட்டும், பெரும்பாலும் சிங்கர் 15 ரகத்தைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் நூறு வருடத்துக்கு முந்தைய 15 ரக மெஷினுக்கு இன்றைக்குத் தெருமுனை உதிரிபாகக் கடையில் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், துணியை நகர்த்தும் பல், துணியை அமுக்கும் பாதம், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் செட் எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பக்கத்தில் நின்ற அழகிக்கு இந்த யோகம் இல்லை.

உண்மையான சிங்கர்தானா என்று பார்க்க, மெஷினின் வலது பக்க மேடையில் பொறித்திருக்கும் சீரியல் நம்பரைப் பாருங்கள். எழுத்தில் தொடங்கும். எஃப், ஒய், அப்புறம் ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்துகள் எல்லாம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை. இதில் ஒய் இருந்தது, அப்படியென்றால் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலம். மாடல் பெயரில் வரும் கே என்ற எழுத்தும் அந்த ஆலையைக் குறிப்பதுதான். ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள், ஆனால் அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். பித்தளைப் பட்டயத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அதைக் கழற்றி வேறு மெஷினில் ஒட்ட இரண்டு நிமிஷம் போதும்.

கடைக்காரருக்கு நான் அழகியை விட்டுவிட்டு மற்றதைத் தடவிக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை.

"இன்னா சார், அத்த பாக்குற? இத்த எட்த்துனு போ, காந்தி காலத்து மெஷின் சார்."

"காந்தி காலத்து மெஷின்னா ஷட்டில் எங்கண்ணே?"

"அதெல்லாம் கடைல வாங்கிக்கலாம் சார்."

காந்தியைச் சும்மா இழுக்கவில்லை அவர், தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ. இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தி சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்துப் பேசியது 1924இல். சரி, விலைக்கு வருவோம். சக்கரம் சுற்றாத மெஷினுக்கு 3,500 கேட்டார். சுற்றவில்லையே என்றேன். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றார். அப்படியென்றால் நீங்களே விட்டுச் சுற்றிக் காட்டுங்கள் என்று என் குப்பியை நீட்டினேன். சிரித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் நடுவில் புகுந்து, சிங்கர் என்றாலே உள்ளே ஒரு சமாச்சாரம் இருக்கிறது, வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகிறது என்று ஆரம்பித்தார். இது எங்கிருந்து கிளம்பிய கதை என்று தெரிந்தால் சந்தையில் குழம்ப மாட்டீர்கள். 2009இல் சவூதியில் பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஒரு மெஷினுக்கு இரண்டு லட்சம் ரியால் வரை பேசினார்கள், செல்போனைப் பக்கத்தில் வைத்தால் லைன் கட்டாகும், அதுதான் அடையாளம் என்று வேறு சொன்னார்கள். நம் ஊர் ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம் மோசடிக் கதைகளின் ஒன்றுவிட்ட தம்பி அது. மெஷினுக்குள் இருப்பது இரும்பு, எண்ணெய், பஞ்சு, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அவர் கருவாடு வாங்கப் போய்விட்டார். 1,800க்கு முடிந்தது.

வாங்குவதற்கு முன் இன்னும் மூன்றைப் பார்த்தேன். ஒன்று, சக்கரம் ஆரக்கால் வைத்ததா என்பது. கைப்பிடியிலிருந்து வரும் விரல் போன்ற இரும்பு ஆரக்காலுக்கு நடுவில் புகுந்துதான் சக்கரத்தைத் தள்ளும், தட்டையான முழுச் சக்கரம் என்றால் கைப்பிடி வேலை செய்யாது. இரண்டு, மெஷினைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கம் டார்ச் அடித்து வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, முக்கியமாகக் கீல் மாட்டும் துளை இருக்கும் இடத்தில். வார்ப்பிரும்பு விரிசலோடு மல்லுக்கட்டாதீர்கள். மூன்று, திருகுகளின் தலை. தலை சிதைந்திருந்தால் யாரோ அரைகுறை ஆள் உள்ளே கைவைத்திருக்கிறார். இதில் முகத்தகட்டுத் திருகு (ஊசிக்கு மேலே மெஷின் முனையை மூடியிருக்கும் தகட்டின் திருகு) ஒன்று மட்டும் சிதைந்திருந்தது, அதை மனதில் குறித்துக்கொண்டேன். பின்னால் கதைக்கு வரும்.

சக்கரம் அசையவில்லையே, அதற்கு எப்படி தைரியம் வந்தது என்றால், இறுகிய மெஷின் பெரும்பாலும் துருவால் இறுகுவதில்லை, எண்ணெயால் இறுகுகிறது. நம் வீடுகளில் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். முதல் நாள் ஜோராக ஓடும். வருடக்கணக்கில் மூடி வைத்தால் அது பிசினாகி, பழுப்பு வார்னிஷாகி, தண்டையும் துளையையும் ஒட்டிவிடும். எண்ணெய்த் துளையில் ஊசி விட்டுக் கிளறி முகர்ந்து பார்த்தேன், சிக்கு எண்ணெய் வாடை. துருவாக இருந்தால் செம்பொடி வந்திருக்கும். வாடை வந்ததும் நிம்மதி.

மெஷின் அடிக்கட்டையோடு பதினைந்து கிலோவுக்குக் குறையாது. கூட்டமான மின்சார ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் மரத்துப்போகும். வீட்டில் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இருக்கிற இரும்பு போதாதுன்னு இதுவும் வேறயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

முதல் வேலை மெஷினைத் தொடாமல் போட்டோ எடுப்பது. எல்லாப் பக்கமும், குறிப்பாக டென்ஷன் தட்டுகள் வரிசை, அடியில் இருக்கும் தண்டுகள். அப்புறம் பெயின்ட் பிரஷால் பஞ்சையும் தூசியையும் தட்டினேன். ஊசித்தட்டைக் கழற்றினால் பல்லுக்கு நடுவில் பஞ்சு இறுகி அட்டை மாதிரி ஆகியிருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தேன். மேலே காக்கி, அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் கருநீலம். யூனிஃபார்ம் தைத்த மெஷின் போலிருக்கிறது.

அடுத்து வெயில். இதற்கென்று ஹீட் கன், ஹேர் டிரையர் என்றெல்லாம் சொல்கிறார்கள், சென்னையில் மே மாதம் மொட்டை மாடி இருக்கும்போது அதெல்லாம் எதற்கு. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், உலோகத்தோடு உலோகம் உரசுகிற எல்லா இடத்திலும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, மெஷினைப் பழைய துணியால் மூடி வெயிலில் வைத்தேன். பூவேலையில் நேரடி வெயில் படக் கூடாது என்பதற்குத்தான் துணி. கறுப்பு இரும்பு தொட முடியாத அளவுக்குச் சூடேறும், பிசின் இளகும், மண்ணெண்ணெய் உள்ளே இறங்கும். சாயங்காலம் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது, அசையாவிட்டால் மறுநாள் திரும்பவும் வெயில். பலத்தைக் காட்டாதீர்கள். கைப்பிடியைப் பிடித்து முறுக்கினால் அதன் பல்சக்கரம்தான் உடையும், முறுக்குவதாக இருந்தால் கைப்பிடியை விலக்கிவிட்டுச் சக்கரத்தை நேராகப் பிடியுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் இப்போதெல்லாம் கிடைப்பது கஷ்டம், எங்கள் தெரு இஸ்திரிக்காரர் கொஞ்சம் கொடுத்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அரை விரற்கடை அசைந்தது. அப்புறம் கால் சுற்று. அங்கே ஏதோ ஒன்று தடுத்து நின்றது, பிசின் தடுப்பதற்கும் பொருள் தடுப்பதற்கும் கைக்கே வித்தியாசம் தெரியும், பிசின் இழுக்கும், பொருள் டக்கென்று முட்டும். ஷட்டில் மூடியைக் கழற்றினால் உள்ளே சிவப்பு நூல் ஒரு கொத்து ஷட்டிலுக்குப் பின்னால் சுருண்டு மாட்டியிருந்தது. மெஷின் ஓடாமல் மூலைக்குப் போனதற்கு முதல் காரணம் இந்த நூல்தான் என்று நினைக்கிறேன், பிசின் எல்லாம் பிறகு வந்தது. குறடால் இழுத்துப் போட்டதும் முழுச் சுற்று வந்தது.

மண்ணெண்ணெய் கழுவத்தான் ஆகும், வழுக்கலுக்கு ஆகாது. அதனால் நன்றாகச் சுற்றி அழுக்கு எண்ணெய் வெளியே வழிய விட்டுத் துடைத்துவிட்டு, எல்லாத் துளையிலும் வெள்ளை மெஷின் எண்ணெய். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இங்கே எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள், அது காய்ந்ததும் பழைய கதைதான்.

பூவேலை விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பூவேலைக்கு மேல் இருக்கும் மெருகு அரக்கால் ஆனது. தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள், அதே ஸ்பிரிட் இங்கே பட்டால் மெருகு கரைந்து தங்கம் வெள்ளியாகிவிடும். மெஷின் எண்ணெயையே பஞ்சில் தொட்டுப் பொறுமையாகத் துடைப்பதுதான் வழி. பஞ்சு பழுப்பாக வரும், தொடர்ந்து துடைக்கலாம். தங்கத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் நிறுத்திவிட வேண்டும். தேய்ந்துபோன பாதிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, புது ஸ்டிக்கர் ஒட்டினால் சந்தையில் பார்த்த அழகி போல் ஆகிவிடும்.

சக்கரத்தைக் கழற்றும்போது நடுக் குமிழுக்கு அடியில் மூன்று கால் வைத்த ஒரு வாஷர் இருக்கும். எந்தப் பக்கம் வெளியே பார்த்து, எந்தக் கால் மேலே இருந்தது என்று கழற்றும்போதே ஒரு கீறல் போட்டு வையுங்கள். பாபின் சுற்றும்போது ஊசி ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்ற வைப்பது அந்தக் குமிழும் வாஷரும்தான், மாற்றிப் போட்டால் ஒன்று குமிழ் இறுகாது, இல்லை விடாது. புது மெஷின் வாங்கியவர்கள்கூட இதில் மாட்டிக்கொண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

டென்ஷன் செட்டைக் கழற்றினால் இரண்டு தட்டுக்கும் நடுவில் துருக்கோடு. தட்டுகளின் குவிந்த பக்கம் ஒன்றையொன்று பார்த்து உட்கார வேண்டும், நூல் அந்த இரண்டு குவிவுக்கும் நடுவில் போகும். பிராசோ போட்டுத் தேய்த்தேன், நகத்தால் வருடினால் எங்கும் மாட்டக் கூடாது. செக் ஸ்பிரிங் முனை உடைந்திருந்தது, அந்தச் சின்ன மெல்லிய கம்பி நூல் தளரும்போது இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது, இல்லாவிட்டால் நூல் ஊசிக்கு அடியில் போய்ச் சிக்கும். உதிரிபாகக் கடையில் புது ஸ்பிரிங், பாபின் கேஸ், அரை டஜன் பாபின், பாபின் சுற்றும் உருளைக்கு ரப்பர் வளையம், ஒரு பாக்கெட் ஊசி, எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் மெஷின் எந்த வருடம் என்றுகூடக் கேட்கவில்லை. "பதினஞ்சுதானே?" என்றார், எடுத்துக் கொடுத்தார்.

கைப்பிடி விரலுக்கும் ஆரக்காலுக்கும் நடுவில் ஒரு தோல் துண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் கடகடவென்று இரும்புச் சத்தம். பழைய செருப்பின் தோலை வெட்டி மாட்டினேன். கைப்பிடிப் பல்சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் கிரீஸ். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு மூன்று தையல் விழும், கைமெஷின் மெதுவாகத்தான் ஓடும் என்று நினைப்பவர்கள் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது தையல். ஷட்டில் மூக்கில் இருந்த துருப்புள்ளியை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, முனை மழுங்காமல் குறையாமல் பார்த்துக்கொண்டு மாட்டினேன். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அதன் எடைக்குக் கீழே இறங்கக் கூடாது, கையை லேசாக உதறினால் மட்டும் ஒரு விரற்கடை இறங்க வேண்டும். அது சரியாக இருந்தது. துணியில் ஓட்டினேன், அடியில் லூப் லூப்பாக விழுந்தது. அடியில் லூப் விழுந்தால் எல்லோரும் பாபின் கேஸைத்தான் திருகுவார்கள், ஆனால் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும், மேல்நூலை டென்ஷன் தட்டு பிடிக்காததால்தான் அது அடியில் போய்த் தொங்குகிறது. நட்டை இரண்டு சுற்று இறுக்கியதும் லூப் நின்றது.

நின்றதும் அடுத்த தொல்லை வெளியே வந்தது. தையல் விட்டு விட்டு விழுந்தது. நாலு விழும், ஒன்று விடும், பத்து விழும், மூன்று விடும். தையல் விட்டால் முதலில் ஊசியைப் பார்க்க வேண்டும். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கம்தான் நூல் நுழையும் பக்கம், அது சரியாகத்தான் இருந்தது. புது ஊசி மாற்றினேன், அதே கதை. நூலை மாற்றினேன், அதே கதை. ஷட்டிலையே புதிது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு, எங்கள் பகுதியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தை ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊசியையே பார்த்தார்.

"தம்பி, ஷட்டில்ல ஒண்ணும் இல்ல. ஊசித் தண்ட எவனோ இறக்கி வச்சிருக்கான்."

"எதுக்கு ஐயா இறக்கணும்?"

"பவர் மெஷின் ஊசிய போட்டு ஓட்டியிருப்பான். அது குட்டை. எட்டலன்னு தண்ட இறக்கிட்டான். நீ இப்ப வீட்டு மெஷின் ஊசி போட்டிருக்க, கண்ணு அதிகமாக் கீழ போயிடுது."

சிதைந்துபோன முகத்தகட்டுத் திருகு நினைவுக்கு வந்தது. அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் திருகு இருக்கிறது. பவர் மெஷின் ஊசிக்கு மேல்பகுதி வட்டமாக இருக்கும், கனம் குறைவு, நீளமும் குறைவு. வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை, நீளம் அதிகம். கையில் இருந்த ஊசிக்கு ஏற்ப மெஷினையே மாற்றிய மகானுபாவர் யாரோ, அன்றைய அவசரத்துக்கு அது வேலை செய்திருக்கும்.

சரிசெய்யும் முறை இது. ஊசி அடிமட்டத்துக்குப் போய்விட்டு மேலே ஏறத் தொடங்கும்போதுதான் நூல் ஊசிக்குப் பின்னால் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும், அந்த வளையத்துக்குள் ஷட்டில் மூக்கு நுழைய வேண்டும். ஊசி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஏறியிருக்கும் நேரத்தில் மூக்கு ஊசிக்கண்ணுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மேலே வந்து சேர வேண்டும். கண் ரொம்பக் கீழே இருந்தால் மூக்கு வளையத்தின் மெல்லிய மேல்முனையைத்தான் தொடும், சில சமயம் பிடிக்கும், சில சமயம் தவறவிடும். அதனால்தான் ஒழுங்கே இல்லாமல் விட்டுவிட்டுத் தைத்தது. ஸ்கெட்ச் பேனாவால் தண்டில் இரண்டு கோடு போட்டு, முகத்தகட்டைக் கழற்றி, திருகை முழுசாகக் கழற்றாமல் தளர்த்தி மட்டும், தண்டை மயிரிழை மயிரிழையாக மேலே ஏற்றினேன். ஏற்றும்போது தண்டு திரும்பிவிடக் கூடாது, திரும்பினால் ஊசியின் தட்டைப் பக்கம் கோணலாகி வேறு பிரச்சினை வரும். அடியில் டார்ச்சை வைத்துப் பார்த்தால் மூக்கும் கண்ணும் சந்திப்பது துல்லியமாகத் தெரியும். பெரியவர் இதைக் கண்ணாலேயே செய்துவிடுவார், எனக்குக் கோடு வேண்டியிருந்தது. காசு கேட்டால் வேண்டாம் என்றார், அடுத்த தடவை சந்தையில் பழைய 15 ரக ஷட்டில் கிடைத்தால் வாங்கி வா, இப்போது வரும் ஷட்டிலில் இரும்பு சரியில்லை என்றார்.

அதற்கப்புறம் தையல் ஒன்றுகூட விடவில்லை. மேல்நூலுக்குச் சிவப்பு, கீழ்நூலுக்கு நீலம் போட்டு ஓட்டிப் பார்த்தேன், மேலே நீலம் தெரியவில்லை, கீழே சிவப்பு தெரியவில்லை, முடிச்சு துணிக்கு நடுவில் விழுகிறது. கரையான் தின்ற மூலையைத் தச்சர் வெட்டி எடுத்துவிட்டு வேங்கைத் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார், நிறம் ஒத்துப்போகவில்லை, பரவாயில்லை.

பின்தையல் போடும் வசதி இந்தக் காலத்து 15இல் கிடையாது, தையல் நீளத்தைத் திருகால் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான். முடிக்கும்போது துணியைத் திருப்பி இரண்டு தையல் போட்டுக்கொள்ள வேண்டும். பருத்தி, கித்தான், பழைய ஜீன்ஸ் நாலு மடிப்பு, 18ஆம் நம்பர் ஊசி போட்டால் எல்லாம் அலட்சியமாகத் தைக்கிறது, வீட்டுக்கு வேண்டிய மஞ்சப்பையெல்லாம் இதில்தான் தைத்தேன், அம்மா தலையணை உறையோடு வந்து வரிசையில் நிற்கிறாள். ஷிஃபான், மெல்லிய சிந்தெட்டிக் புடவைத் துணி மட்டும் சுருங்குகிறது. 11ஆம் நம்பர் ஊசி போட்டு, அடியில் நியூஸ்பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுத்தால் ஓரளவு சுமாராக வருகிறது. புடவைக்கு ஃபால்ஸ் வைக்க இப்போதைக்குத் தெருமுனை டெய்லரிடம்தான் கொடுக்கிறோம்.